பல்கலைக்கழகமும் அகதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் அகதி மாணவர்களுக்கு உதவும் குழு ஒன்றில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அகதி என்று யாரைச் சொல்கிறோம்?

இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் சொந்த நாட்டை விட்டு வெளியேறியவர், திரும்பிப் போக முடியாதவர் அகதி. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை தரும் விளக்கம் இது. அந்த ஆண்டுக்கு முன் நடந்தவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றிருந்த வரம்பை 1967ஆம் ஆண்டு நெறிமுறை நீக்கியது. அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்து, முடிவுக்குக் காத்திருப்பவர் தஞ்சம் கோருபவர். நாட்டின் எல்லையைத் தாண்டாமல் உள்ளேயே விரட்டப்பட்டவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்.

இந்த வேறுபாடு அலுவலக வேலைக்குத் தேவை. கட்டணம், உதவித்தொகை, வேலை அனுமதி எல்லாம் பல நாடுகளில் இதைப் பொறுத்தே மாறுகின்றன. உங்கள் குழுவின் கதவைத் தட்டுபவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேட்காதீர்கள்.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கதி இல்லாதவர் என்பதுதான் ‘அகதி’. ஒருவரின் சட்ட நிலையைக் குறிக்க அந்தச் சொல் வேண்டியிருக்கிறது. அதையே அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிவிடக் கூடாது. கூட்டத்தில் அறிமுகப்படுத்தும்போது “இவர் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார்” என்று சொன்னால் போதும்.

இது அரசும் தொண்டு நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை இல்லையா? பல்கலைக்கழகம் ஏன்?

உணவும் தங்குமிடமும் தர மற்றவர்கள் இருக்கிறார்கள். பாதியில் நின்றுபோன படிப்பை முடித்துத் தரப் பல்கலைக்கழகத்தை விட்டால் வேறு யாரும் இல்லை. ஐ.நா. அகதிகள் முகமையின் 2023ஆம் ஆண்டு கணக்குப்படி, அகதி இளைஞர்களில் உயர்கல்வியில் சேர்ந்திருந்தவர்கள் 7 சதவீதம் மட்டுமே. உலகச் சராசரி 40 சதவீதத்துக்கும் மேல். 2030க்குள் இதை 15 சதவீதம் ஆக்குவது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சேர்ந்திருந்தவர்கள் 1 சதவீதம்தான். அதாவது, முயற்சி செய்தால் எண்ணிக்கை நகர்கிறது.

1951 உடன்படிக்கையின் 22ஆம் பிரிவும் கல்வியைப் பற்றியதுதான். தொடக்கக் கல்விக்கு மேற்பட்ட படிப்பு, வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஏற்பது, கட்டணத் தள்ளுபடி, உதவித்தொகை எல்லாம் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. 1933இல் ஹிட்லர் ஆட்சி யூதப் பேராசிரியர்களையும் அரசியல் எதிர்ப்பாளர்களையும் வேலையிலிருந்து துரத்தியபோது, லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் தலைவராக இருந்த வில்லியம் பெவரிட்ஜ் அவர்களுக்காக ஓர் உதவி மன்றத்தைத் தொடங்கினார். அந்தக் கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை அதற்காக ஒதுக்கினார்கள். மன்றம் கைகொடுத்தவர்களில் ஒருவர் ஹான்ஸ் கிரெப்ஸ். பின்னாளில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இன்னொருவர் லுட்விக் குட்மான். பாராலிம்பிக் போட்டிகள் அவரால் பிறந்தவை. அந்த மன்றம் காரா என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. நோபல் வாங்குவார்கள் என்பதற்காக யாருக்கும் உதவ வேண்டியதில்லை. பக்கத்து மேசையில் இருப்பவர் தன் சம்பளத்திலிருந்து கொடுத்தார் பாருங்கள், எனக்குப் பெரிதாகத் தெரிவது அதுதான்.

எங்கிருந்து தொடங்குவது?

சேர்க்கை அலுவலகத்தின் ஜன்னலிலிருந்து. பெரும்பாலான குழுக்கள் ஒரு கலை நிகழ்ச்சியோடு தொடங்குகின்றன. அது தப்பில்லை, ஆனால் அந்த ஜன்னலில் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டால் மேடையில் என்ன பேசியும் அவருக்குப் பயன் இல்லை.

ஒரு நாள் விண்ணப்பப் படிவம் நிரப்ப ஒரு பெண்ணுக்கு உதவிக்கொண்டிருந்தேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் மளமளவென்று எழுதினார். ‘நிரந்தர முகவரி’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பேனா முனை தாளில் பட்டபடியே இருந்ததால் அந்த இடத்தில் மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. “இடிந்துபோன வீட்டு முகவரியை எழுதலாமா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனோம். ‘தொடர்பு முகவரி’ ஒன்று இருந்தால் போதும் என்று மாற்ற அவர்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை இது: உங்கள் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை, சொந்த நாட்டு ஆவணங்கள் எதுவும் கையில் இல்லாத ஒருவராக உங்களை நினைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை நிரப்பிப் பாருங்கள். எங்கெல்லாம் சிக்குகிறீர்களோ அதெல்லாம் உங்கள் வேலைப் பட்டியல். பெற்றோர் கையெழுத்து, தூதரக முத்திரை, வங்கிக் கணக்கு என்று பட்டியல் நீளும். அப்புறம், அலுவலகத்தில் இந்த விண்ணப்பங்களைப் பார்க்க ஒரே ஒருவரைப் பொறுப்பாக்கச் சொல்லுங்கள். ஐந்து மேசைகளில் ஐந்து முறை ஒரே கதையைச் சொல்வதே பலரைக் களைப்படையச் செய்துவிடுகிறது.

மதிப்பெண் பட்டியலே இல்லாதவரை எப்படிச் சேர்ப்பது?

அடிக்கடி வரும் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓடிவரும் அவசரத்தில் சான்றிதழ் கோப்பை எடுக்க எல்லோராலும் முடிவதில்லை. சிலரிடம் கைபேசியில் எடுத்த ஒரு படம் மட்டும் இருக்கும், அதுவும் ஓரம் வெட்டுப்பட்டு. சிலர் படித்த பல்கலைக்கழகக் கட்டடமே இப்போது இல்லை.

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஒரு நாட்டின் உயர்கல்வித் தகுதியை இன்னொரு நாடு ஏற்பது பற்றிய 1997ஆம் ஆண்டு லிஸ்பன் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, அகதிகளிடம் ஆவணச் சான்று இல்லாவிட்டாலும் அவர்களுடைய தகுதியை நியாயமாகவும் விரைவாகவும் மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்கிறது. ஐரோப்பிய மன்றம் 2017 முதல் அகதிகளுக்கான தகுதிக் கடவுச்சீட்டு ஒன்றை வழங்கிவருகிறது. கையில் இருக்கும் ஆவணங்களைப் பார்த்து, பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் நேர்காணல் நடத்தி, படிப்பு, வேலை அனுபவம், மொழித்திறன் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள். அது முறையான அங்கீகாரம் ஆகாது, ஆனால் சேர்க்கை அலுவலகத்துக்கு நம்பிப் பிடித்துக்கொள்ள ஒரு தாள் கிடைக்கிறது. யுனெஸ்கோவும் இதே போன்ற ஏற்பாட்டை உருவாக்கியிருக்கிறது.

உங்கள் நாட்டில் இப்படி எதுவும் இல்லை என்றாலும் துறை அளவில் செய்யலாம். எந்தப் பாடங்கள் படித்தீர்கள், எந்தப் புத்தகம், ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள், தேர்வு எப்படி நடந்தது என்று இரண்டு ஆசிரியர்கள் ஒரு மணி நேரம் பேசினாலே மூன்றாம் ஆண்டு படித்தவர் யார் என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு தேர்வு வையுங்கள், அல்லது ஒரு பருவம் தற்காலிகச் சேர்க்கை கொடுங்கள். முதல் ஆண்டிலிருந்து மறுபடியும் தொடங்கச் சொல்வதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் படித்தவருக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. சான்றிதழைச் சரிபார்க்கிறேன் என்று அவருடைய சொந்த நாட்டுத் தூதரகத்துக்கோ பழைய பல்கலைக்கழகத்துக்கோ அவருடைய சம்மதம் இல்லாமல் கடிதம் எழுதிவிடாதீர்கள். எந்த அரசிடமிருந்து தப்பி வந்தாரோ அந்த அரசுக்கு அவர் இருக்கும் இடத்தை நீங்களே தெரிவித்ததாகிவிடும். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் ஆபத்து. நல்லெண்ணத்தோடு செய்த தவறாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். சேர்க்கை ஊழியர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

கட்டணத்துக்கு என்ன வழி?

பல இடங்களில் முதல் சிக்கல், தஞ்சம் கோருபவர்களை வெளிநாட்டு மாணவர் பட்டியலில் சேர்த்துவிடுவது. அந்தக் கட்டணம் பல மடங்கு. உள்ளூர் மாணவருக்கான கட்டணத்தையே இவர்களுக்கும் வைக்கச் சொல்லிக் கேட்பது மாணவர் பேரவை எடுக்கக்கூடிய நல்ல கோரிக்கை.

உதவித்தொகைகளில் பெரியது டாஃபி. ஜெர்மன் அரசின் ஆதரவோடு ஐ.நா. அகதிகள் முகமை 1992 முதல் நடத்துகிறது. அடைக்கலம் தந்த நாட்டிலேயே இளங்கலை படிக்க உதவுவது அதன் நோக்கம். கனடாவில் 1978 முதல் நடக்கும் மாணவர் அகதித் திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பல வளாகங்களில் ஒவ்வொரு மாணவரும் தன் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்துக் கட்டுகிறார். அந்தப் பணத்தில் முகாமில் இருக்கும் ஓர் இளைஞரை வரவழைத்துப் படிக்க வைக்கிறார்கள். வந்தவரை விமான நிலையத்தில் போய்க் கூட்டிவருவதும், வங்கிக் கணக்கு திறக்க உடன் போவதும் அதே மாணவர்கள்தான்.

கட்டணம் தீர்ந்ததும் பணப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பேருந்துச் செலவு, லேப்டாப், தேர்வுக் கட்டணம், கண்ணாடி என்று சின்னச் சின்னச் செலவுகளில்தான் படிப்பு அறுந்துபோகிறது. பலர் வீட்டுக்குப் பணமும் அனுப்ப வேண்டியிருக்கிறது. கேள்வி அதிகம் கேட்காமல் இரண்டு நாளில் கொடுக்கக்கூடிய சிறிய அவசர நிதி ஒன்று இருந்தால் பெரிய உதவி.

விடுதியையும் மறக்காதீர்கள். விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போவார்கள் என்ற கணக்கில் பல விடுதிகள் பூட்டப்படுகின்றன. இவர்கள் எந்த ஊருக்குப் போவார்கள்? விடுமுறையிலும் சில அறைகளைத் திறந்து வைக்கும்படி வார்டனிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

நான் ஒரு சாதாரண மாணவன். பணமும் இல்லை, பதவியும் இல்லை. என்ன செய்ய முடியும்?

நிறைய. வாரம் ஒரு மணி நேரம், ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஆளோடு உட்காருங்கள். கடையில் பேசும் அளவுக்கு மொழி தெரிந்தவருக்கும் பாட மொழி தடுமாறும். ‘விவாதிக்கவும்’ என்ற வினாவுக்கும் ‘விளக்கவும்’ என்ற வினாவுக்கும் எப்படிப் பதில் எழுதுவது, ஆசிரியருக்கு மின்னஞ்சல் எப்படி அனுப்புவது, நூலகத்தில் கட்டுரைகளை எப்படித் தேடுவது என்பதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. உங்களுக்கு அத்துப்படியாக இருக்கும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவரைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். தேர்வு தள்ளிப்போன செய்தி தெரியாமல் ஒருவர் தனியாகத் தேர்வறை வாசலில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். சாப்பிடப் போகும்போது கூப்பிடுங்கள். அவரிடமிருந்தும் கற்றுக்கொள்ளுங்கள்; கணக்கு சொல்லித் தருகிறாரா, அவர் மொழியில் நாலு வார்த்தை சொல்லித் தருகிறாரா, கேட்டுப் பெறுங்கள். எப்போதும் வாங்குகிற இடத்திலேயே ஒருவரை வைத்திருந்தால் அவருக்குக் கூச்சமாகிவிடும்.

முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள். “விசா விஷயம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஆர்வத்தில் சொல்லிவிட்டுப் பின்வாங்குவது, எதுவும் சொல்லாமல் இருப்பதைவிட மோசம்.

அவர்களுடைய கதையைக் கேட்கலாமா?

அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகத் தோண்டாதீர்கள். அதிகாரிகளிடமும் வழக்கறிஞர்களிடமும் அந்தக் கதையை ஏற்கெனவே பலமுறை சொல்லியிருப்பார்கள், ஒவ்வொரு முறையும் நம்புவார்களா மாட்டார்களா என்ற பயத்தோடு. உங்களோடு இருக்கும் ஒரு மணி நேரத்திலாவது கிரிக்கெட்டோ சினிமாவோ தேர்வோ பேசட்டுமே.

புகைப்படமும் அப்படித்தான். நிகழ்ச்சிப் படத்தைச் சமூக ஊடகத்தில் போடும் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் மறுக்க முடியாமல் தலையாட்டுவார்கள். முகம் தெரிந்தால் ஊரில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆசிரியராக வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

போர்க் காட்சிகள் உள்ள படத்தைத் திரையிடுவதாக இருந்தால் முன்னாலேயே வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிடுங்கள். வெளியே போக விரும்பினால் காரணம் கேட்க வேண்டாம். “உங்கள் நாட்டில் எப்படி?” என்று எல்லோர் முன்னாலும் ஒருவரை எழுப்பிக் கேட்காதீர்கள். தஞ்சக் கோரிக்கை விசாரணைத் தேதியை அவர் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால் வருகைப் பதிவிலும் ஒப்படைப்புத் தேதியிலும் கொஞ்சம் இடம் கொடுங்கள். மதிப்பெண்ணில் மட்டும் சலுகை காட்ட வேண்டாம். அதை அவர்களும் விரும்புவதில்லை.

அகதிகளைப் பற்றி ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அதனால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் உங்களையே கேளுங்கள். எளிதில் போய்ச் சேரக்கூடிய முகாம்களில் ஆய்வாளர்கள் மாறி மாறி வந்து ஒரே கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். முடிவு என்ன ஆனது என்று சொல்ல யாரும் திரும்பி வருவதில்லை. நீங்கள் உதவி செய்யும் ஆளையே ஆய்வுக்கும் பயன்படுத்தாதீர்கள். மறுத்தால் உதவி நின்றுவிடுமோ என்று பயந்தே சம்மதிப்பார். கேள்வித்தாள் எழுதும் கட்டத்திலேயே அகதிகளில் ஒருவரை, சம்பளம் கொடுத்து, ஆய்வுக் குழுவில் சேர்த்துக்கொண்டால் ஆய்வே மேம்படும்.

சட்ட மாணவர்கள் வழக்குகளில் உதவலாமா?

தகுதி பெற்ற வழக்கறிஞரின் மேற்பார்வையில் மட்டும். தஞ்சக் கோரிக்கையில் ஒரு தேதி தப்பாகப் போனாலும் மொத்த வாக்குமூலத்தையும் நம்ப மறுத்துவிடக்கூடும். ஆவணங்களை வரிசைப்படுத்துவது, மொழிபெயர்ப்பது, சொந்த நாட்டு நிலவரத்தைப் பற்றிய தகவல் திரட்டுவது ஆகியவற்றில் மாணவர்களின் உழைப்பு உண்மையாகவே பயன்படும்.

பழைய துணி, புத்தகம் சேகரித்துக் கொடுக்கலாமா?

கேட்டால் மட்டும். முதலில் பட்டியல் வாங்குங்கள், பிறகு சேகரியுங்கள்.

உள்ளூர் ஏழை மாணவர்களுக்கே உதவி போதவில்லை. இவர்களுக்கு எப்படி?

நியாயமான கேள்வி. இதைக் கேட்பவரை இரக்கமில்லாதவர் என்று ஒதுக்கக் கூடாது. பெரும்பாலும் தானே கஷ்டப்பட்டுப் படித்தவராக இருப்பார். இருக்கும் இடங்களைப் பங்கு போடாமல் கூடுதல் இடங்களை உருவாக்கக் கேட்பது என் அனுபவத்தில் சரியான வழி. அதோடு, அகதிகளுக்காகக் கேட்கும் பல மாற்றங்கள் எல்லோருக்கும் உதவுகின்றன. தவணையில் கட்டணம், அவசர நிதி, விடுமுறையில் திறந்திருக்கும் விடுதி எல்லாம் பெற்றோரை இழந்த உள்ளூர் மாணவருக்கும் வேண்டியவைதான். இருவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

பேராசிரியராக இருந்து அகதியானவர்களுக்கு என்ன செய்யலாம்?

இவர்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க்’ வலையமைப்பு, ஆபத்தில் இருக்கும் அறிஞர்களுக்குத் தற்காலிகப் பணியிடம் தேடித் தருகிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் உறுப்பினராகலாம். பணியிடம் கொடுக்க நிதி இல்லாவிட்டால் ஒரு நூலக அட்டை, பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி, உட்கார ஒரு மேசை கொடுங்கள். மின்னஞ்சல் முகவரி இல்லாத அறிஞர் ஆய்விதழ்களின் கண்ணில் படுவதே கடினம். ஓராண்டுப் பதவி கொடுத்தால், அடுத்த இடத்துக்கான விண்ணப்பங்களை முதல் மாதத்திலேயே சேர்ந்து எழுதத் தொடங்குங்கள். கடைசி மூன்று மாதத்தில் ஆய்வு செய்ய மனம் எப்படி ஓடும்?

வளாகத்துக்கே வர முடியாதவர்களுக்கு?

முகாமில் இருப்பவர்களுக்கு இணையவழிப் படிப்பு ஒரு வழி. சில தளங்கள் அகதிகளுக்கென்று இலவசப் பாடங்கள் தருகின்றன. இலவசப் பாடம் மட்டும் போதாது என்பதைப் பலரும் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறோம். மின்சாரம் சில மணி நேரம்தான் இருக்கும், ஒரு கைபேசியை நாலு பேர் பகிர்ந்துகொள்வார்கள். காணொளிக்குப் பதில் ஒலிப்பதிவும் சிறிய கோப்பும் அனுப்புங்கள். வாரம் ஒருமுறை பேச ஓர் ஆள் இருந்தால் படிப்பை விடாமல் தொடர்கிறார்கள்.

ஜூன் 20 உலக அகதிகள் தினத்துக்கு நிகழ்ச்சி நடத்தலாமா?

தாராளமாக. யார் பேசுவது, என்ன பேசுவது என்பதை அகதி மாணவர்களே முடிவு செய்யட்டும். பேச வருபவருக்குப் பயணச் செலவும் மதிப்பூதியமும் கொடுங்கள்.

குழு ஒரு வருடத்தில் கலைந்துவிடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். தேர்வு வந்தால் காணாமல் போவார்கள். அதை மாற்ற முடியாது, அதற்கு ஏற்பத் திட்டமிடலாம். ஓர் ஆசிரியரும் ஓர் அலுவலக ஊழியரும் நிரந்தரமாகக் குழுவில் இருக்கட்டும். முடிவெடுக்கும் இடத்தில் அகதி மாணவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவராக இருந்தால் எல்லோருக்கும் சேர்த்து அவர் ஒருவரே பேச வேண்டியிருக்கும். இறுதியாண்டு மாணவர் தன் இடத்துக்கு வருபவரைக் கூட்டிப்போய் நேரில் அறிமுகம் செய்துவிட்டுப் போகட்டும். “அடுத்த வாரத்திலிருந்து நான் வரமாட்டேன், இவர் வருவார், இதே நேரத்துக்கு” என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். சொல்லாமல் நின்றுவிட்ட ஒருவருக்காக ஒரு பையன் மூன்று வாரம், மாலை நான்கு மணிக்கு, நூலகத்தில் அதே மேசையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். நான்காவது வாரம்தான் எங்களுக்கே தெரிந்தது. அன்றிலிருந்து யார் விலகினாலும் இந்த அறிமுகத்தை முடிக்காமல் விடுவதில்லை.